பஞ்சுவின் வாலுக்கு மருந்து

…மஞ்சளா நீலமா, கேள்வி அவ்வளவுதான், இதை மட்டும் யோசித்தால் போதும், வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்று புட்சபா தனக்குள் சொல்லிக்கொண்டாள், ஆனால் மீன் கடை அலமாரி முன்னால் வந்து நின்று எவ்வளவு நேரம் ஆகிறது, காற்றுக்குழாய் வாங்க வந்தவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார், வெளியே ஒரு மழை வந்து நின்றும் போய்விட்டது, அவள் இன்னும் மஞ்சளா நீலமா என்றே நிற்கிறாள்… மஞ்சள் பொடி விரல் உயரக் குப்பிகளில் இருந்தது, நீலம் சொட்டு மருந்து, அதன் பக்கத்தில் பச்சை, கீழ்த்தட்டில் கல்லுப்புப் பொட்டலங்கள், நூலால் கட்டிய காய்ந்த நாட்டுவாதுமை இலைகள், எல்லாவற்றின் மேலும் வாலை விரித்த மீன் படம், ஒன்றில்கூட நோயாளி மீன் இல்லை, குணமான மீன்தான்… மனிதர்களின் மருந்திலும் அப்படித்தானே, இருமல் மருந்து போத்தலில் சிரிக்கிற பெண் இருப்பாள், இருமுகிற பெண் இருக்கமாட்டாள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு இது இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது, ஏனென்றால் இன்றைக்குத்தான் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாக் குப்பியும் ஒன்றுபோலச் சிரிக்கிறது.

வால் அழுகல், அதற்குத்தான் மருந்து வேண்டும், பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், சொல்லத்தான் நாக்கு எழவில்லை. மீன் அவளுடையதுகூட இல்லை, தம்பி கம்போனுடையது. பட்டறையில் மோட்டார் சைக்கிளுக்கு அடியில் படுத்துக்கிடந்தவன், பெட்ரோல் வாடை போகாத கையால் அந்த மீனை முட்டையிலிருந்து வளர்த்தவன், போன வருஷம் இறந்துபோன அம்மாவுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று இந்த மழைக்காலம் முழுக்கத் துறவியாக இருக்கப் போய்விட்டான், கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற விகாரையில் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மழைக்காலம் முடிந்து காவி களைந்ததும் முதல் வேலை பஞ்சுவைப் போட்டிக்குக் கொண்டுபோவதுதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பஞ்சு… அப்படி ஒரு வெள்ளை, வாலை விரித்தால் பாதி நிலா. பக்கத்து ஜாடியில் கரி, பெயருக்கேற்ற நிறம், அழகென்று சொல்வதற்கில்லை, பஞ்சுவுக்குக் கோபம் மூட்டத்தான் அவன். இரண்டு ஜாடிக்கும் நடுவில் ஒரு காகித அட்டை நிற்கும். சண்டை மீன் வளர்க்கிற எல்லார் வீட்டிலும் நிற்பதுதான், இந்த ஊரில் அதைச் சின்னக் குழந்தைகூட அறியும். தினமும் ஒரு தடவை அட்டையை எடுக்க வேண்டும், ஒன்றை ஒன்று பார்த்ததும் செவுளைப் புடைத்து வாலை விரித்து நிற்கும், அதுதான் அவற்றுக்கு உடற்பயிற்சி, பிறகு அட்டையைத் திரும்ப வைத்துவிட வேண்டும். "சோறு கொதிக்கிற நேரம் போதும்க்கா. சோத்த இறக்குறப்ப அட்டைய வச்சிரு. மறந்துராத, என்ன?" என்று போகிற அன்றைக்கும் வாசலில் நின்று சொன்னான். மறக்கமாட்டேண்டா, நான் என்ன கிழவியா என்று சொன்னாள்… மறக்கவில்லைதான். மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"என்ன அக்கா, அலமாரிய விலைக்குக் கேக்கப் போறியா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பான்யா. கொசுப்புழு வாங்க வந்திருக்கிறான், கையில் தண்ணீர் சொட்டும் பை, மெலிந்த ஆள், எப்போதும் முதுகைப் பிடித்துக்கொண்டே சிரிப்பவன். "சும்மா பாக்கறேன்" என்றாள். "சும்மா பாக்கறதுக்கு இது என்ன சினிமாவா? எத்தன வருஷமா எனக்கு முதுகுவலி மாத்திர குடுக்கறவ நீ. உனக்கே மருந்து எதுன்னு தெரியலன்னா, எனக்குக் குடுத்ததெல்லாம் என்ன அக்கா? மாவா?" கல்லாவில் உட்கார்ந்திருந்த சியூ அக்கா சிரித்தாள், கடைக்குச் சொந்தக்காரி, நடுவயது, காதில் பச்சைக்கல், முழங்கைவரை ஈரம். "டேய் பான்யா, புழு வாங்க வந்தியா வாயாட வந்தியா? வாங்கியாச்சுல்ல, கெளம்பு. ஒம் மீனெல்லாம் ஒன்ன மாதிரியேதான், சண்டைக்கு முன்னாடியே வாலச் சுருட்டிக்கும்." "சுருட்டுறதுக்கு வால் இருக்கே, அதச் சொல்லு" என்றான் அவன். புட்சபாவும் சிரித்தாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிப்பது அவளுக்குப் பழக்கம்.

மாவு… அவன் விளையாட்டுக்குச் சொன்னது, ஆனால் அவ்வளவு தப்பில்லை. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், வரும்போதே நோயின் பெயரோடு வருகிறவர்கள், வெளிச் சாப்பாடு ஒத்துக்கல, அதான் வயிறு என்பார்கள், குடித்ததைச் சொல்லமாட்டார்கள், படியில் விழுந்துட்டேன், வீக்கத்துக்குத் தடவ ஏதாவது குடுங்க என்பாள் ஒருத்தி, படியில் விழுந்தவளுக்குக் கழுத்தில் எப்படி வீக்கம் வரும் என்று இவள் கேட்டதில்லை. கேட்காமல் எடுத்துக் கொடுப்பாள். குப்பி கைக்கு வந்ததும் அவர்கள் முகம் தளர்வதைப் பார்க்கவேண்டும்… வலி அப்போது குறைந்திருக்காது, ஆனால் கையில் மருந்து இருக்கிறது, மருந்து இருக்கிறதென்றால் அது நோய், நோயென்றால் வெளியிலிருந்து வந்தது, யாருக்கும் வரலாம், யார்மேலும் குற்றமில்லை. அந்த முகம் இப்போது தன் முகத்தில் இருக்கிறதா? பச்சை மருந்துக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பில் ஒரு பெண் தெரிந்தாள், விகாரைக்குப் போவதற்காகப் போட்ட வெள்ளைச் சட்டை, ஒழுங்காக வாரிய தலை, நல்லவள்போல இருந்தாள்.

விகாரையிலிருந்து நேராக இங்கே வந்ததும் தப்பு. காலையில் விரத நாளென்று தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் குழம்பும் பம்பளிமாஸ் சுளையும் எடுத்துக்கொண்டு போனாள். குழம்பு மீன் வெட்டும்போதே வாலைத் தனியாக நறுக்கி முதலில் தூக்கிப் போட்டாள், ஏன் அப்படிச் செய்தோம் என்று அப்போது யோசிக்கவில்லை. இடுப்பில் தூக்கிவைத்து மூக்குத் துடைத்துவிட்ட தம்பி முன்னால் மூன்று தடவை நெற்றி தரையில் படக் கும்பிட்டு எழுவது இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, போடா வாடா என்ற வாய் சாமி என்கிறது, அவனும் நீங்க என்கிறான், அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்து அழுவாளா சிரிப்பாளா. சாப்பாடு முடிந்ததும் அவனே கேட்டான், கேட்கமாட்டான் என்று நினைத்திருந்தாள், துறவிக்கு மீன் நினைப்பு எதற்கு என்று தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். "பஞ்சு எப்படி இருக்கான்?" என்றான், கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டான், கேட்டிருக்கக்கூடாதோ என்பதுபோல. "நல்லா இருக்கான் சாமி" என்றாள். உடனே வந்தது வார்த்தை, யோசிக்காமல், வழுக்கிக்கொண்டு. அதோடு நின்றிருக்கலாம். "படம் இருக்கு, பாக்கறீங்களா?" என்று தானே கேட்டாள்… யார் கேட்கச் சொன்னது? அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை, காதுமட்டும் சிவந்தது, சின்ன வயசில் பலகாரம் வேண்டுமா என்று கேட்டால் சிவக்குமே, அதே காது. போனை எடுத்துத் தேடினாள், அவன் போன புதிதில் எடுத்த படம், பஞ்சு பாதி நிலாவாக நிற்கிற படம், அதைத் திறந்தாள். பெண் கையிலிருந்து துறவி எதையும் நேராக வாங்கக்கூடாது, அவன் தன் துணியை முன்னால் விரித்தான், அவள் போனை அதன்மேல் வைத்தாள், அவன் எடுத்தான். பழைய படத்தை இன்றைய படமென்று ஒரு துறவியிடம் காட்டினேன். பொய்யைத் துணியில் வைத்து, கும்பிட்டுக் காணிக்கையாகக் கொடுத்தேன்.

"ஏம்மா, என்ன வேணும்னு சொல்லித் தொலையேன், கடை பூட்டற வரைக்கும் நிப்பியா?" என்றாள் சியூ அக்கா, பான்யா போய்விட்டிருந்தான், கடையில் தண்ணீர் குமிழிடும் சத்தம் மட்டும். "வால் அழுகல்" என்றாள் புட்சபா. சொல்லியாகிவிட்டது. சொன்னதும் அது உண்மையாகிவிட்டதுபோல ஒரு நிம்மதி. "ஒந் தம்பியோட வெள்ளையா? அய்யோ, அவனுக்கா? ஓரம் என்ன நெறத்துல இருக்கு, கருப்பா, செவப்பா, இல்ல பூஞ்சை புடிச்ச மாதிரி வெள்ளையா?" ஓரம்… ஓரத்துக்கு நிறமே இல்லை, சுத்தமாக இருக்கிறது, பிஸ்கட்டைக் கடித்து எடுத்ததுபோல வளைவாக, ஒரு நாள் ஒரு கடி, இன்னொரு நாள் இன்னொன்று. "கருப்பு" என்றாள், "லேசாக் கருப்பு". "தண்ணி மாத்தறியா?" "மாத்தறேன்க்கா, நாள் தவறாம." இது உண்மை, இதைச் சொல்லும்போது குரல் ஓங்கியது. சியூ அக்கா முகத்தைச் சுளித்தாள். "நல்ல தண்ணில எப்படி அழுகும்?" அந்தக் கேள்வி அப்படியே இன்னும் ஒரே ஒரு படி கீழே இறங்கினால் போதும், இறங்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது, பிடித்துக்கொள்ளட்டும், கேட்டுவிடட்டும், அட்டை வைக்கிறியா என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம்… "சரி, மழைக்காலம்ல, வரும் வரும், யாருக்கு வேணா வரும்" என்றாள் சியூ அக்கா. எவ்வளவு பழகிய குரல். வரும் வரும். படியில் விழுந்தவளுக்குத் தான் தைலத்தை நீட்டும்போது சொன்ன அதே இரண்டு வார்த்தை, அதே இழுப்பு.

ஏன் இவ்வளவு தூரம் வந்தாள் என்பதும் இருக்கிறது. மீனுக்கு வால் அழுகினால் மனிதர்களின் மாத்திரைக் குப்பியைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர், அவள் கடையிலேயே வந்து வாங்குவார்கள், இழுப்பறையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கிடக்கிறது, ஒன்றை எடுத்துவந்திருந்தால் முடிந்தது. ஆனால் கூட நிற்கிற பெண், யாருக்கு என்று கேட்பாள், மீனுக்கு என்றால், என்ன ஆச்சு என்பாள்… சியூ அக்காவிடம் சொல்கிற பொய்யை அங்கே சொல்ல முடியாதா? முடியும். ஆனால் அங்கே அந்தப் பக்கம் நின்று மற்றவர்கள் பொய்யைக் கேட்கிறவள் அவள், அந்த இடத்திலேயே நின்று தானும் சொல்வதென்றால்…

"படம் வச்சிருக்கியா? பாத்தா மஞ்சளா நீலமான்னு சொல்லிருவேன்" என்றாள் சியூ அக்கா. "தெளிவா இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்தாள், எடுக்காமல் இருந்திருக்கலாம், திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு திறந்தாள். பாதி நிலா இல்லை. கடிபட்ட வால் இருந்தது. நேற்று ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது, இரண்டு இடத்தில் வளைவாகக் கடிபட்ட வால், பின்னால் கரியின் ஜாடி பளிச்சென்று தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. இது எப்படி இங்கே வந்தது? அவள் திறந்து கொடுத்தது பழைய படம், அதற்கு அடுத்த படம் இது, நடுவில் அவள் எதையுமே எடுக்கவில்லை, எடுக்க என்ன இருந்தது, ஒரு விரல் தள்ளினால் இது வரும். யாருடைய விரல்? அவன் துணியில் போனைத் திரும்ப வைத்தபோது திரை அணைந்திருந்தது, அப்படியே எடுத்துப் பையில் போட்டாள், அதற்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறாள்… இப்போது திறக்கும்போது தன் விரலே பட்டிருக்கலாம், பட்டிருக்கும், கட்டைவிரல் ஈரமாகத்தானே இருக்கிறது. இல்லாவிட்டால் அவன் தள்ளிப் பார்த்திருக்கிறான். "என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி?" "ஒண்ணுமில்ல, படம் சரியா இல்ல." "அப்ப மஞ்சளே கொண்டுபோ, மஞ்சள் எதுக்கும் கேக்கும். கொஞ்சம் உப்பு, ரெண்டு எல. இருட்டான எடத்துல வையி. சரியாயிரும்." காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். கைக்கு வந்தது மருந்து. முகம் தளர்ந்ததா என்று கண்ணாடித் தடுப்பைப் பார்க்கத் துணியவில்லை.

இரட்டை வரிசை இருக்கை போட்ட வேனில் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள், மடியில் காகிதப் பை, எதிரே ஒருத்தி மூங்கில் குழாயைப் பிளந்து உள்ளே வெந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள், சாலை முழுக்க ஈரம். நினைத்துப் பார், சரியாக நினைத்துப் பார், அவன் என்ன சொன்னான், எந்த வரிசையில் சொன்னான். போனை எடுத்தான், பார்த்தான், "அழகா விரிச்சிருக்கான்" என்றான். அது முதலில். பிறகு போனைக் கீழே வைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டே இருந்தான், அம்மா படத்தைப் பார்க்கிறானோ என்றுகூட நினைத்தாள், அவ்வளவு நேரம். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான், "அட்டைய மறக்காம வைக்கிறீங்கல்ல?" அவள் சொன்னாள், "ஆமாங்க சாமி, சோறு கொதிக்கிற நேரந்தான்." சோறு கொதிக்கிற நேரந்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாளே… கடையில் இப்படி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறவர்களைத்தான் அவள் உடனே கண்டுபிடிப்பாள். அவன் போனைத் துணியில் வைத்தான். "சரி" என்றான். "நல்லது" என்றான். பிறகு புண்ணியம் போய்ச் சேரத் தண்ணீர் வார்க்கச் சொல்லி ஆசீர்வாதம் ஓதினான், அம்மாவுக்கும் இவளுக்கும் சேர்த்து, அவள் கிண்ணத்தில் தண்ணீரை வார்த்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள், குரல் அன்றைக்கு நன்றாக இருந்தது என்றுகூட நினைத்தாளே. பார்த்துவிட்டுத்தான் கேட்டானென்றால், அது கேள்வியே இல்லை, கதவைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், வா அக்கா, சொல்லிரு என்று. அவள் அவன் முகத்துக்கு நேராகச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவன் நல்லது என்றான். அந்த நல்லது உண்மையா பொய்யா? அவன் பொய் சொல்லக்கூடாது, சொன்னால் விரதம் கெட்டது. என் பொய்யைக் காப்பாற்ற அவன் ஒரு பொய் சொன்னானா? அம்மாவுக்குச் சேர்கிற புண்ணியத்திலிருந்து ஒரு பிடியை நான் அள்ளிக்கொண்டேனா… இல்லை இல்லை, விரல் என்னுடையதுதான், கட்டைவிரல் ஈரம்.

வீட்டுக்குள் வந்ததும் விளக்குப் போடவில்லை. சமையலறை ஜன்னல் பலகையில் இரண்டு ஜாடி, பஞ்சு விரித்துக்கொண்டுதான் நின்றான், மிச்சமிருக்கிற வாலை விரித்துக்கொண்டு, செவுள் புடைத்து, நடுக்கத்தோடு. கரி அந்தப் பக்கம். காலையில் போகும்போது அட்டையை வைத்திருக்கலாமே, விகாரைக்கா போகிறோம், இன்றைக்காவது வைத்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது, தோன்றியும் வைக்கவில்லை. மறதி இல்லை. தம்பி போன கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் சோற்றை இறக்கிவிட்டு அட்டையைத் தேடினாள், கையில் எடுத்தாள், பஞ்சு அப்போது அப்படி நின்றிருந்தான், அந்த ஜன்னல் வெளிச்சம் முழுவதையும் வாலில் வாங்கிக்கொண்டு… இன்னும் கொஞ்சம் நிற்கட்டுமே என்று நினைத்தாள். தட்டில் சோறும் மீன்சாறும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அம்மா இருமிய வீடு, தம்பி ஓயாமல் பேசிய வீடு, பட்டறையில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வெங்காயம் உரிப்பான், இப்போது குளிர்ப்பெட்டி மட்டும் முனகுகிற வீடு, அதில் உள்ளே நுழைந்ததும் ஒருவன் தன்னிடம் உள்ளதையெல்லாம் விரித்துக்காட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்காக நிற்கிறான் என்று அவள் நம்பவில்லை, அவ்வளவு முட்டாள் இல்லை, கரியைப் பார்த்து நிற்கிறான், கோபத்தில் நிற்கிறான் என்று தெரியும். தெரிந்தும் போதுமானதாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும்போதும் வைக்கவில்லை, வரும்போது நின்றுகொண்டிருக்க வேண்டுமே. அப்படியே பழகிவிட்டது, அட்டை பாத்திர அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

அன்றொரு நாள் பல் விளக்கிக்கொண்டே பார்த்தாள், பஞ்சு சட்டென்று வளைந்தான், நாய்க்குட்டி வாலைத் துரத்துவதுபோல ஒரு சுற்று, ஒரு சின்ன வெள்ளைத் துணுக்கு தண்ணீரில் மிதந்தது. நுரையைத் துப்பிவிட்டு, அழுகின வால் உதிர்கிறது என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க முடிவு செய்தாளா? எதிரி முன்னால் நிற்கிறான், அடிக்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை, ஒளியவும் முடியவில்லை, பகல் முழுக்க விரித்துக்கொண்டே நிற்கவேண்டும், கனக்கிறது வால், அதைக் கடித்து எறிவதைத் தவிர அவன் வேறென்ன செய்வான்… இது அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்த அன்றைக்குச் சாயங்காலமும் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். இதற்கு மஞ்சளா நீலமா?

குப்பியைத் திறந்தாள். கோப்பையில் தண்ணீர் எடுத்து, கத்தி நுனியில் பொடியைத் தொட்டுப் போட்டாள், மருந்து கலக்குவதில் கை தானாக ஒழுங்காக நடந்தது, தண்ணீரில் மஞ்சள் கீழே இறங்கியது. இதை ஊற்றிவிட்டால் ஒரு கதை கிடைக்கும். அழுகல் வந்துதுடா, மருந்து போட்டேன், என்னால முடிஞ்சதப் பாத்தேன். மழைக்காலம் முடிந்து அவன் படியேறி வரும்போது ஜாடித் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், சியூ அக்கா சாட்சி சொல்வாள், பாவம் அவ நாயா அலைஞ்சாடா என்று. நோயில்லாத உடம்பில் மருந்து போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா, கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், சும்மா சும்மா போடாதீங்க என்று… ஆனால் அவன் படத்தைப் பார்த்துவிட்டிருந்தால் இந்தக் கதை எதற்கு? பார்க்கவில்லையென்றால் இது வேண்டும். பார்த்தானா என்று கேட்க முடியாது, கேட்பதென்றால் முதலில் சொல்லவேண்டும். அடுத்த விரத நாளில் போய்க் கும்பிட்டு எழுந்து, சாமி, அட்டைய நான் வைக்கல என்று… நாலே வார்த்தை. அந்த வாக்கியத்தை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஏன் வைக்கல என்று அவன் கேட்பான். அதற்குப் பதில் சொல்லவேண்டுமே, அதுதான், வீட்டுல யாருமில்லடா என்று ஒரு துறவியிடம் எப்படிச் சொல்வது, அவன் அங்கே உட்கார்ந்து பற்றையெல்லாம் விடப் பழகிக்கொண்டிருக்கிறான்.

கோப்பையைப் பலகையில் வைத்தாள். ஊற்றவில்லை, கொட்டவும் இல்லை. பாத்திர அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு அட்டையை இழுத்தாள், ஓரம் ஈரத்தில் உப்பியிருந்தது, கம்போன் அதில் எண்ணெய்க் கையின் தடம் பதித்து வைத்திருந்தான். இரண்டு ஜாடிக்கும் நடுவில் செருகினாள். பஞ்சு உடனே ஒன்றும் செய்யவில்லை, இல்லாத கரியைப் பார்த்து இன்னும் சற்று நேரம் விரித்தபடியே நின்றான், பிறகு செவுள் படிந்தது, வால் மடிந்தது, மடிந்தபோது எவ்வளவு சின்ன மீன், விரல் நீளம்கூட இல்லை, மெல்லக் கீழே இறங்கி அடியில் கிடந்த பழைய இலைமேல் பக்கவாட்டில் சாய்ந்தான். செத்துவிட்டானோ என்று குனிந்தாள். இல்லை, செவுள் மெதுவாக அசைந்தது. தூங்குகிறான். கூட இருந்த இத்தனை நாளில் அவன் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

அவள் எதிரே உட்கார்ந்தாள். குளிர்ப்பெட்டி முனகி நின்றது, அதுவும் நின்றதும் வீட்டில் எதுவுமே இல்லை, கோப்பையில் மஞ்சள் மட்டும் ஒரே சீராகக் கலந்து அடங்கியிருந்தது. சோறு வைக்கவேண்டும், எழுந்திருக்கவில்லை. அட்டை கொஞ்சம் சாய்ந்திருக்கிறதோ என்று தோன்றியது, நேராக வைக்கலாம் என்று கையை நீட்டினாள், விரல் ஓரத்தைப் பிடித்தது… நேராகத்தான் இருக்கிறது, எந்தப் பக்கமும் சாயவில்லை. தெரிகிறது. கையை எடுக்கவேண்டும், அவ்வளவுதான், எடுத்துவிடலாம், எடுக்கத்தான் போகிறாள், ஆனால் விரல் இன்னும் அட்டையின் ஓரத்தில் இருந்தது.